மேகம் போட்டால் நின்றுவிடும் விமானம்

நவம்பர் 24, திங்கள்

பனியன் கம்பெனியில் போன புதுவருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் அரிசி டப்பாவுக்கு மூடியாக இருந்தது. இன்றைக்கு எடுத்துத் துடைத்து எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். என் வீட்டுக்காரருக்கு ஏரோப்ளேன் என்றால் பயம். வெளியே சொன்னால் மனுஷனுக்கு மானம் போய்விடும், சொல்லாமல் இருந்தால் எனக்கு வயிறு உப்பிவிடும். ஆகையால் இதில் இறக்கி வைக்கிறேன். படித்தது அஞ்சாவது. கொம்பும் சுழியும் இடம் மாறியிருந்தால் அவை நடந்து போய் உட்கார்ந்துகொள்ளட்டும்.

மெல்போர்னிலிருந்து மகள் ரஞ்சி இன்று டிக்கெட் அனுப்பிவிட்டாள். ஜனவரி பத்தொன்பது. கோயமுத்தூரில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, மெல்போர்னில் இறங்க வேண்டும். அவளுக்குத் தலைப்பிரசவம். இங்கே இருந்தால் ஏழாம் மாசம் வளையல் அடுக்கி வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன். அவள் வர முடியாது, நாங்கள்தான் போக வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகிக் கட்டிலில் கிடக்கிறார். நான் போகாவிட்டால் பிள்ளைக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

செல்போனில் டிக்கெட் வந்த சத்தம் கேட்டதும் என் கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. புது டம்ளர், வழுக்கும்.

"ஏனுங்க, அம்மாம் பெரிய இரும்பு வெறும் காத்து மேல எப்படிங்க நிக்கும்?" என்று அவரிடம் கேட்டேன். பயம் இருக்கிறதா என்று ஆழம் பார்க்கத்தான்.

"நம்ம டெம்போ டயரும் காத்து மேலதான் புள்ள நிக்குது," என்றார்.

எப்படி மறைக்கிறார் பாருங்கள்! இருபத்தஞ்சு வருஷமாகப் பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு டெம்போ ஓட்டுகிறவர், பேச்சில் பஞ்சு வைத்துத்தான் பேசுவார். பெயர் ராசப்பன். பெயரில் மட்டும்தான் ராசா.

நவம்பர் 26, புதன்

என் தம்பி சென்னியப்பன் வந்தான். கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருக்கிறான். மாப்பிள்ளை தாலி கட்டும்போது இதயம் படம் போட்டு நடுவில் இவன் பேரையும் சேர்த்துப் போட்டுக்கொள்வான், அந்த மாதிரி ஆள்.

விஷயத்தைச் சொன்னேன். "மச்சானுக்கு ஏரோப்ளேன்னா பயமாட்ட இருக்குதுடா. தூக்கத்துல கையக் கால ஒதறுறாரு."

"யாரு, மச்சானா?" என்று அவரைப் பார்த்தான். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். ஆம்பிளைகளுக்குள் ஆயிரம் இருக்கும்.

"சரிக்கா, பழக்கிரலாம்," என்றான் சென்னி. "கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேன் ஓட்டுற கேம் இருக்குது. நம்ம கோயமுத்தூரு பீளமேட்டு ஏர்போர்ட்டே அதுல இருக்குது. ஓட்டலாம், இல்லைன்னா பேசஞ்சர் மாதிரி ஜன்னலோரமா உக்காந்தும் போகலாம். பத்துத் தடவ அதுல போயிட்டு வந்தா, நெசத்துல டவுன் பஸ்ஸாட்ட ஆயிரும்."

"அவருக்காக நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்," என்றேன்.

"நீ இல்லாமயா," என்றான்.

நவம்பர் 30, ஞாயிறு

ரஞ்சி பன்னெண்டாவது படிக்கும்போது வாங்கின லேப்டாப் பீரோவுக்கு மேலே இருந்தது. அதில் கேமை ஏற்றுகிறேன் என்று உட்கார்ந்தான் சென்னி. புதுசு ஏறவில்லை, பழைய கேம்தான் ஏறியது. காலையில் போட்டது, நான் கோழி வாங்கிவந்து, கழுவி, குழம்பு வைத்து, ஆற வைத்த பிறகுதான் திறந்தது.

திறந்ததும் ஏரோப்ளேன் நின்றது. சென்னி பித்தானை அமுக்கினான். அது அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வேறு இடத்தில் நின்றது. நடுவில் நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

"என்றா இது, கல்யாண ஆல்பம் திருப்புறாப்புல இருக்குது?"

"ஒரு செகண்டுக்கு ஆறு படந்தான் வருதுக்கா. கல்யாண வீடியோவுக்கே இருபத்தஞ்சு படம் வேணும். கேமுக்கு முப்பது இருந்தாத்தான் கண்ணு ஏமாறும். இதுல படம் வரையறதுக்குன்னு தனிக் கார்டு கெடையாது. கணக்குப் போடறவனே கோலமும் போடோணும்."

அது எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் தையல் லைனில் துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்கிறவள் லீவு போட்டால், என்னையே அதையும் அடிக்கச் சொல்வார்கள். அன்றைக்கு இரண்டும் உருப்படாது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைத்தான். படத்தின் அளவைக் குறைத்தான். நிழலை எடுத்தான். மரத்தை எடுத்தான். தண்ணீர் மினுக்குவதை எடுத்தான். கடைசியில் மேகத்தை எடுத்தான். அடடா, ஏரோப்ளேன் அசைந்தது! ஓடியது! எழும்பியது! கீழே பூமி சாணி மெழுகினது போல ஒரே நிறம், மேலே வானம் சோப்பு டப்பா நிறம்.

"இருபத்தி ரெண்டு படம்!" என்று கைதட்டினான் சென்னி. அவரும் தட்டினார்.

எனக்குத்தான் திருப்தியில்லை. "ஏண்டா, மேகத்துக்குள்ள போகையில குலுங்கும், அப்பத்தான் பயமா இருக்கும்னு உங்க மச்சான் சொன்னாரு. மேகமே இல்லாத ஊர்ல மேகத்துக்கு எப்படிடா பழகுறது?"

"நான் எப்பப் புள்ள சொன்னேன்?" என்றார்.

தூக்கத்தில் சொன்னீர்கள் என்றேன்.

மேகத்தைத் திரும்பப் போட்டான் சென்னி. ஏரோப்ளேன் நடுவானத்தில் சுவரில் மாட்டின படம் போல நின்றுவிட்டது. நிஜத்தில் இப்படி நின்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கோழிக் குழம்பு நன்றாக இருந்தது என்றார்கள்.

டிசம்பர் 3, புதன்

கம்பெனியில் ஆர்டர் அவசரம். மூணாவது மாடிக்கு இன்றைக்கு நாலு தடவை ஏறி இறங்கினேன். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் படி ஏறுவது முட்டிக்கு நல்லது. இருபது வருஷமாக அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 8, திங்கள்

சென்னி கோயமுத்தூர் போய், ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்தான். பார்க்கப் பிரஷர் குக்கர் வந்த அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கிறது. அதற்குள் ஞாபக சக்திக்கு ஒரு பட்டை கூடச் செருகினான். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான டிஸ்க் மாட்டினான். படம் வரைகிற கார்டு ஒன்று, யாரோ விற்றதாம், அதையும் மாட்டினான். கார்டு நீளம், பெட்டி குட்டை. பக்கத்து மூடியைப் போட முடியவில்லை. வேட்டி அவிழ்ந்த மாதிரித் திறந்தபடியே வைத்தான்.

ஓடியது பாருங்கள்! மேகம் இருந்தது, மரம் இருந்தது, நிழல்கூட விழுந்தது. முப்பத்தஞ்சு படம். ஏரோப்ளேன் ஓடுபாதையில் போய் நின்றது. பேசஞ்சர் ஜன்னலைப் போட்டான் சென்னி. அவரை இந்தப் பக்கம், என்னை ஜன்னல் பக்கம், இரண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்தான்.

"எல்லாரும் பெல்ட் போட்டுக்கங்க. மொய் வைக்கறவங்க வச்சிருங்க. டேக் ஆஃப்!"

என்ஜின் சத்தம் ஏறியது. தரை பின்னால் ஓடியது. மூக்கு தூக்கியது. பூமி கீழே விழுந்தது. வயிற்றுக்குள் ஒரு பந்து...

டப்.

எல்லாம் கறுப்பு. சத்தம் இல்லை. படம் இல்லை. ஏரோப்ளேன் இல்லை.

யாரோ கத்தினார்கள். அவராகத்தான் இருக்கும்.

"கரண்ட் பத்தலக்கா," என்றான் சென்னி. "அந்தக் கார்டு முழு மூச்சா வேலை செய்யறப்ப நெறையக் கரண்ட் கேக்குது. இந்தப் பொட்டியில இருக்கிற பவர் பாக்ஸ் சின்னது. நின்னுக்கிட்டு இருக்கற வரைக்கும் தாங்குச்சு. எழும்புறப்ப விட்டுருச்சு."

"எழும்புறப்பத்தானாடா விடோணும்?" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ரசம். அப்பளம்.

டிசம்பர் 11, வியாழன்

ரஞ்சி வீடியோவில் வந்தாள். வயிறு நன்றாக எடுத்துத் தெரிகிறது. கன்னம் பளபளவென்று இருந்தது, கால்தான் வீங்கியிருந்தது.

எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக மனசுக்குள் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். "கண்ணு, உங்கப்பாவுக்கு ப்ளேனுன்னா நெம்ப பயமா இருக்குது. அவர விட்டுட்டு நானும் எப்படிச் சாமி வாறது? அங்க ஒரு நல்ல நர்ஸம்மாவா பாத்து வச்சுக்கிட்டா..."

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் கஷ்டம். அழுதால் திட்டலாம், திட்டினால் அழலாம். சும்மா முகத்தைத் திருப்பி அந்தப் பக்கம் எதையோ பார்த்தாள். சின்னதில் ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது அப்படித்தான் பார்ப்பாள், நான் கண்ணைப் பார்த்துவிடக் கூடாது என்று.

அவர் செல்போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஆமா கண்ணு," என்றார். "எனக்குத்தான் பயம். டெம்போ ஓட்டறவனுக்குத் தரைய விட்டு மேல போனா ஒதறுது. உங்கம்மா என்னைப் பழக்கிக்கிட்டு இருக்கிறா. உங்க மாமனும் மிஷினுக்கு மேல மிஷினா மாத்திக்கிட்டு இருக்கறான். அம்மா உட்டுருவாளா? இழுத்துக்கிட்டு வந்து சேந்துருவா. நீ காலத் தூக்கி வச்சுப் படு."

பார்த்தீர்களா? தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார்! நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை.

போனை வைத்ததும் அவருக்குப் பிடித்த வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டேன். ஏன் என்று தெரியவில்லை, மாவு இருந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். ஊரில் மண்டபங்கள் எல்லாம் பூட்டு. சென்னியின் ஸ்டூடியோவில் வீடியோ வெட்டி ஒட்டுகிற பெரிய கம்ப்யூட்டருக்கு லீவு. ஐப்பசி, கார்த்திகை முழுக்க அது பகலும் இரவும் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தது.

"அக்கா, தை பொறக்கற வரைக்கும் அது உனக்கு... மச்சானுக்கு," என்றான். "அதுல இருக்கற கார்டு யானை. இந்தக் கேமெல்லாம் அதுக்குக் கரும்பு."

நாளைக்குப் போகிறோம்.

டிசம்பர் 17, புதன்

யானை படுத்துவிட்டது.

ஸ்டூடியோவில் நல்ல ஏற்பாடுதான். மண்டபத்துக்கு வெளியே லைவ் காட்டுகிற பெரிய டிவியை ஜன்னலாக்கினான். ரிசப்ஷனில் பாட்டுப் போடுகிற பெரிய ஸ்பீக்கரை எங்கள் சேருக்கு அடியில் தள்ளினான், குலுங்குவதற்கு. மாப்பிள்ளை பொண்ணு உட்காருகிற சிவப்பு சோபாவைத்தான் கேட்டேன். சாயம் போய்விடும் என்று தரவில்லை.

கேமைப் போட்டால் எட்டுப் படம். லேப்டாப்பைவிட இரண்டே இரண்டு அதிகம்.

"யானைங்கற. ஆட்டுக்குட்டியாட்டத் தள்ளாடுது?" என்றேன்.

"ஆயுதபூஜையில இருந்தே இப்படித்தாங்க்கா. வீடியோ ஏத்துறப்பக்கூட முக்குது. வயசாயிருச்சு போல."

"ஆயுதபூஜைக்கு என்றா பண்ணுன?"

"எல்லாத்தையும் கழட்டித் துடச்சேன். பொட்டு வச்சேன். மாலை போட்டேன். திரும்ப மாட்டுனேன்."

"ஒழுங்கா மாட்டுனயா?"

மேசைக்குப் பின்னால் தலையை விட்டான். ரொம்ப நேரம் தலை வெளியே வரவில்லை. வந்தபோது நெற்றியில் ஒட்டடையும் முகத்தில் ஒரு தினுசான சிரிப்பும் இருந்தது. டிவிக்குப் போகிற ஒயரைக் கார்டில் செருகுவதற்குப் பதிலாக, மேலே இருக்கிற வேறொரு ஓட்டையில் செருகியிருக்கிறான். யானையைக் கொட்டாயில் கட்டிவிட்டு, இரண்டரை மாசமாகக் கணக்குப் போடுகிற பாகனே சுமை தூக்கியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்களும் அப்படியேதான் நடந்து முடிந்திருக்கின்றன!

"நீ பெரிய ஸ்டூடியோக்காரன்," என்றேன். "பொண்ணு கழுத்துல கட்ட வேண்டியத மாமியா கழுத்துல கட்டிட்டு, ஏன் குடும்பம் நடக்கலன்னு கேக்கற."

அவர் சிரித்த சிரிப்பில் சேர் ஆடியது. ஒயரை மாற்றினான் சென்னி. ஐம்பது படம்!

டிசம்பர் 18, வியாழன்

சந்தோஷப்பட்டது தப்பு. முதல் பத்து நிமிஷம் ஐம்பது. அப்புறம் நாற்பது. அப்புறம் இருபது. மேகத்துக்குள் போகும்போது பன்னெண்டு. மேகம் என்றாலே இந்த விமானங்களுக்கு ஆகாது போலிருக்கிறது.

நானும் முழுசாக உட்கார்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று தடவை.

"வீடு ரெண்டு கிலோமீட்டருக்கா," என்றான் சென்னி.

"தீப்பிடிச்சா கிலோமீட்டரு பாக்குமா?"

அவர் சேரிலேயே தூங்கிவிட்டார். பயத்தில் சில பேருக்குத் தூக்கம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டோம். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சிரிப்பு வருகிறது.

கம்ப்யூட்டர் சூடாகிறது, சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று சென்னிக்கு யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியில் எங்கள் பவர் தையல் மிஷினும் அப்படித்தான், மோட்டாரில் பஞ்சு அடைத்தால் கொதிக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை ஊதி எடுப்போம். "காத்துப் போற வழி எங்கடா இருக்குது?" என்று கேட்டேன்.

சென்னி என்னைப் பார்த்தான். அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தான். அதன் மேல் போர்த்தியிருந்த உறையைப் பார்த்தான். ரோஸ் நிறம், கனமான பனியன் துணி, ஓரம் முழுக்க ஃபிரில், முன்னால் இரண்டு மயில்.

நான் தைத்துக் கொடுத்த உறை. ஸ்டூடியோ திறப்பு விழாவுக்கு என் சீர்.

"இத்தன வருஷமா இதப் போட்டுக்கிட்டேயாடா ஓட்டுற?"

"அக்கா சீரு. கழட்டுனா நீ கோவிச்சுக்குவயோன்னு..."

"வெயில் காலத்துலயும் ஸ்வெட்டரோட நிக்க வச்சிருக்கறயேடா அந்த யானைய!"

கழற்றினோம். பக்கத்து மூடியையும் திறந்தோம். உள்ளே ஃபேன் இறக்கையில் காய்ந்த சாமந்தி இதழ், ஆயுதபூஜை மாலையில் இருந்து உதிர்ந்தது. காற்றோட்டத்துக்கு விட்டிருந்த சல்லடை ஓட்டைகளில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, அது சிமெண்ட் போல இறுகிக் கிடந்தது. சாமிக்குக் காட்டிய பக்தியில் மூச்சுக்குழாயை அடைத்து வைத்திருக்கிறான். ஊசி வைத்து ஒவ்வொரு ஓட்டையாக நான்தான் குத்தி எடுத்தேன். அவர் பெயிண்ட் பிரஷ்ஷால் இதழைத் தட்டினார். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேசையின் மரப்பலகையில் ஒரு பொட்டு வைத்தேன். மேசைக்கு மூச்சு வேண்டாம் அல்லவா.

அரை மணி நேரம் ஓட விட்டோம். நாற்பத்தெட்டு, ஐம்பது. இறங்கவே இல்லை. மேகத்துக்குள் விட்டோம். நாற்பது!

ஆனால் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் ஏறி இறங்கும்போது கண்ணுக்கு ஒரு வெட்டு தெரிந்தது. "ஏத்தி எறக்காத. ஒரே சீரா ஓடட்டும்," என்றேன். தையலும் அப்படித்தான், வேகமாக அடிப்பதைவிட ஒரே அளவில் அடிப்பதுதான் பார்வைக்கு அழகு. முப்பதில் பூட்டிவிட்டான் சென்னி. தண்ணீர் போல ஓடியது.

உறையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இரண்டாக வெட்டினால் பிறக்கப்போகிற பிள்ளைக்கு மயில் போட்ட போர்வை.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ் லீவு. இன்றைக்கு அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. காலையிலேயே சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

டேக் ஆஃப். கீழே ஸ்பீக்கர் உறுமியது, சேர் நடுங்கியது. அவருக்குத் தைரியம் கொடுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேகம் வந்தது. குலுங்கியது. "டெம்போ பல்லடம் ரோட்டுல போற மாதிரித்தான் புள்ள. குழி தெரியாது, அவ்வளவுதான்," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், என் காதுக்குப் பக்கத்தில்.

அப்புறம் மேகம் முடிந்தது.

நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், மேலே போனால் இருட்டாக, பயங்கரமாக ஏதோ இருக்கும் என்று. பார்த்தால் வெளிச்சம். கீழே முழுக்க மெத்தைக்கு அடைத்த பஞ்சு. பேல் பேலாகப் பிரித்துக் கொட்டின மாதிரி. இத்தனை பஞ்சை யாரும் நூலாக்காமல் விட்டிருக்கிறார்களே என்று தோன்றியது.

"மச்சானுக்கு இப்பப் பயம் எப்படியிருக்குது?" என்று சென்னிதான் கேட்டான்.

"கொறஞ்சிருக்குது," என்று நானே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் மணிக்கட்டில் நகக்குறி, அஞ்சும் வரிசையாக. பாவம், பயத்தில் தன்னையே கீறிக்கொண்டிருக்கிறார். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

இன்றைக்கு நானே ஓட்டினேன்! ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அலுத்துவிட்டது. ஓட்டுவதற்கென்று கைப்பிடி ஒன்று வாங்கி வைத்திருந்தான் சென்னி. முதல் தடவை ஓடுபாதையைத் தாண்டி வாய்க்காலில் இறக்கினேன். இரண்டாவது தடவை ஏர்போர்ட் கட்டடத்துக்கு மேல். "அக்கா, பயணிகள் நேரா மாடியில எறங்கிக்குவாங்க, பரவால்ல," என்றான்.

மூன்றாவது தடவை, மூக்கை லேசாகத் தூக்கி, வேகத்தை மெல்ல விட்டு, துணியை ஊசிக்கடியில் தள்ளாமல் அதுவாகப் போகவிடுவோமே, அப்படி விட்டேன். சக்கரம் தரையில் பட்டது. சத்தமே இல்லை.

சென்னி நாதஸ்வரம் போட்டான், கெட்டிமேளத்தோடு. மார்கழியில் அந்த ஸ்டூடியோவில் நடந்த ஒரே முகூர்த்தம். அவர் எழுந்து நின்று கைதட்டினார். சிங்கர் மிஷின் வாங்கின நாளில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

எங்கள் தெரு மேலே இருந்து தெரிகிறதா என்று தேடினேன். கேமில் எங்கள் தெருவில் வெறும் தென்னந்தோப்பு போட்டிருக்கிறார்கள். வாடகை மிச்சம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. கிழக்குப் பக்கம். நாளையிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கல்யாண வேலை. பெட்டியில் பருப்புப் பொடி, சுக்கு, பேறுகால மருந்து, மயில் போர்வை எல்லாம் கட்டியாகிவிட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

சிங்கப்பூரில் இரண்டாவது ப்ளேனுக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன். டைரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டதற்கு அவர் சிரித்தார்.

முதல் ப்ளேன் முடிந்தது. முடிந்தே விட்டது!

கோயமுத்தூரில் ஏறும்போது கால் கொஞ்சம் பின்னியது, புதுச் செருப்பு. பெல்ட் போட்டுக்கொண்டோம். மொய் வைக்கிறவங்க வச்சிருங்க என்று நான் சொல்ல, அவர் சிரித்துவிட்டார். பக்கத்து சீட்டில் பொள்ளாச்சிக்காரம்மா ஒருவர், மகன் வீட்டுக்குப் போகிறார், கந்த சஷ்டி முணுமுணுத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். விடிகிற நேரத்தில், கடலுக்கு மேல் மேகம் வந்தது. குலுங்கியது. நிஜமாகவே குலுங்கியது, ஸ்பீக்கர் எல்லாம் சும்மா. அந்தம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா," என்றேன். "குழி ரோடு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்ப மேகம் முடிஞ்சிரும். முடிஞ்சதும் பாருங்க, பஞ்சு கொட்டி வச்சாப்புல இருக்கும்."

"நீங்க அடிக்கடி போவீங்களா?" என்று கேட்டார்.

"மார்கழி முழுக்கப் போனேனுங்க," என்றேன். பொய்யா அது?

மேகம் முடிந்தது. அந்தம்மா கண்ணைத் திறந்தார். சிங்கப்பூரில் சக்கரம் தட்டென்று இடித்தது. என் இறக்கம் இதைவிட நன்றாக இருக்கும். இருந்தாலும் நான் கைதட்டினேன். பொள்ளாச்சிக்காரம்மா தட்டினார். எங்கள் வரிசை முழுக்கத் தட்டியது.

அவர் நன்றாகத் தூங்கினார். பழக்கிவிட்டேன் அல்லவா.

பிப்ரவரி 7, சனி

பேத்தி. மூன்று கிலோ. காலை நேரம், நல்ல வெளிச்சம். ரஞ்சி நல்லபடியாக இருக்கிறாள். வலி எடுத்ததிலிருந்து என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் நன்றாகப் பதிந்தது. "பயமா இருந்துச்சா சாமி?" என்று கேட்டேன். "இல்லம்மா, பக்கத்துல இருந்த உனக்குப் பயமா இருக்குமேன்னு புடிச்சுக்கிட்டேன்," என்றாள். என் மகள்தான்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் அவளுக்குப் பூண்டு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு திரும்பினேன். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆறாவது மாடி. அவளைச் சேர்த்த இந்த மூன்று நாளாகப் படியில்தான் ஏறினேன், முட்டிக்கு நல்லது என்று அவரும் கூடவே ஏறினார். இன்றைக்கும் அவர் பழக்கத்தில் படிப் பக்கமாகத் திரும்பினார், ரசத் தூக்கைக் கையில் தூக்கிக்கொண்டு.

"எங்கீங்க போறீங்க?" என்றேன்.

"படி இந்தப் பக்கம் புள்ள."

"ரசம் ஆறிப்போயிருமுங்க. லிஃப்டுல வாங்க."

நின்று என்னைப் பார்த்தார். நானே பித்தானை அமுக்கினேன். கதவு திறந்தது. உள்ளே போனோம். கதவு மூடியது. லேசாக ஒரு குலுக்கல், வயிற்றுக்குள் ஒரு சின்னப் பந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் ஏறியது.

"பயமா இருந்தாச் சொல்லுங்க," என்றேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

"இப்ப இல்ல," என்றார்.

ஆறில் கதவு திறந்தது. இறங்கும்போது அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன். நகக்குறி ஒன்றுகூட இல்லை.